கேட் புஷ் பாடும்போது ‘நான்’ என்பது யார்?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரில் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ கேட்டு மயங்கிப்போனேன், அதே பாடகியின் முதல் பாட்டான ‘வதரிங் ஹைட்ஸ்’ஸைத் தேடிக் கேட்டால் கீச்சுக் குரலாக இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா, ஆர்ட் ராக் பற்றிப் பேசுகிற எல்லாரும் இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள், எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக நான் விடாமல் கேட்டுவரும் குரல் இது.

ஒரே ஆள்தான். ஆனால் அந்த இரண்டு பாட்டிலும் ‘நான்’ என்று பேசுவது கேட் புஷ் அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். சங்க அகப்பாட்டின் கீழே ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட் புஷ்ஷின் ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படி ஒரு வரியை நாமே எழுதிவைத்துக்கொள்ளலாம். ‘வதரிங் ஹைட்ஸ்’ பேய் கூற்று. செத்துப்போன ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே குளிரில் நின்றுகொண்டு, உள்ளே விடு என்று காதலனைக் கேட்கிறாள். அந்தக் குரல் மனிதக் குரல் மாதிரி இருந்தால்தான் தப்பு. உங்களுக்குக் கீச்சென்று பட்டது அவர் வேண்டுமென்றே செய்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1986-இல் ‘தி ஹோல் ஸ்டோரி’ என்ற தொகுப்பு வந்தபோது அதே பாட்டுக்கு, முதிர்ந்த குரலில், புதிதாகப் பாடிச் சேர்த்தார். நன்றாகத்தான் பாடியிருக்கிறார். சுருதி சுத்தம், குரலில் கனம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அதில் பாடுவது உயிருள்ள ஒரு பெண். 1978-இன் பதிவில்தான் அந்தப் பேய் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

கேத்தரின் புஷ் 1958 ஜூலை 30 அன்று, லண்டனை ஒட்டிய கென்ட் பகுதியிலுள்ள பெக்ஸ்லிஹீத்தில் பிறந்தவர். அப்பா மருத்துவர், அம்மா அயர்லாந்துக்காரர். வெல்லிங்கில் ஒரு பழைய பண்ணைவீட்டில் வளர்ந்தார். இரண்டு அண்ணன்கள். ஒருவர் கவிதை, புகைப்படம் என்று இருந்தவர். இன்னொருவரான பேடி, ஊர் பேர் தெரியாத வாத்தியங்களையெல்லாம் தேடித் தேடி வாசித்தவர். தங்கையின் இசைத்தட்டுகளில் மாண்டலினும் பாலலைக்காவும் திடீர் திடீரென்று எட்டிப்பார்ப்பதற்குக் காரணம் அவர்தான். அயர்லாந்து நாட்டுப்பாட்டு அம்மா வழியாக வந்தது.

பதினொரு வயதில் தானாகவே பியானோ பழகி, பள்ளி நாட்களிலேயே பாட்டுகளை எழுதிக் குவித்துவிட்டார். வீட்டில் பதிவு செய்த நாடாக்கள் பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் கைக்குப் போயின. அவர் தன் கைக்காசைப் போட்டு, 1975-இல், ஆர்கெஸ்ட்ராவோடு முறையான ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். ‘தி மேன் வித் தி சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்’ அப்போது பதிவானது. பாடியவருக்கு வயது பதினாறு. மூன்று வருடம் கழித்து முதல் ஆல்பத்தில் அதே பதிவைத்தான் மாற்றாமல் சேர்த்தார்கள். கேட்டுப்பாருங்கள், பதினாறு வயது என்று நம்பவே முடியாது.

இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் 1976-இல் ஒப்பந்தம் போட்டுவிட்டு, உடனே ஆல்பம் கேட்காமல் விட்டுவைத்தது. அந்த இடைவெளியில் அவர் செய்தது முக்கியம். லிண்ட்சே கெம்ப்பிடம் போய் நடனமும் அபிநயமும் கற்றார். ராக் பாடகர் டேவிட் போவிக்கு உடல்மொழி சொல்லிக்கொடுத்த அதே கெம்ப்தான். பாட்டை உடம்பால் நடிக்க வேண்டும் என்கிற பாடம் அங்கேதான் கிடைத்தது. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான ‘மூவிங்’ கெம்ப்புக்குக் காணிக்கை. அது திமிங்கிலங்களின் ஓசையோடு தொடங்கும்.

‘வதரிங் ஹைட்ஸ்’ 1977 மார்ச்சில் ஒரு பௌர்ணமி இரவில் எழுதியது. எமிலி பிராண்டியின் நாவலை ஒட்டி வந்த பி.பி.சி. தொடரின் கடைசிச் சில நிமிடங்களை எப்போதோ பார்த்திருக்கிறார். ஜன்னலில் நீளும் கை மட்டும் மனதில் தங்கிவிட்டது. சின்ன வயதில் அவரையும் வீட்டில் கேத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். நாவலாசிரியையின் பிறந்தநாளும் அதே ஜூலை 30. நிறுவனம் வேறொரு பாட்டைத்தான் முதலில் வெளியிட நினைத்தது. இல்லை, இதுதான் என்று பத்தொன்பது வயதுப் பெண் பிடிவாதமாக நின்றார். 1978 ஜனவரியில் வெளிவந்து, மார்ச்சில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் ஏறி நான்கு வாரம் இறங்கவில்லை. தானே எழுதிய பாட்டைத் தானே பாடி அங்கே முதலிடம் பெற்ற முதல் பெண் இவர். டிஸ்கோவும் பங்க்கும் கோலோச்சிய காலத்தில், பல்லவியில் தாளக்கணக்கு இடறி இடறிப் போகும் ஒரு பேய்ப்பாட்டு இதைச் சாதித்தது. எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆர்ட் ராக் என்றால் என்ன என்று பலர் சுற்றி வளைத்து விளக்குவார்கள். ராக் இசையின் கிட்டாரையும் டிரம்மையும் வைத்துக்கொண்டு நாடகம், இலக்கியம், ஓவியம், மேலைச் செவ்விசை எதை வேண்டுமானாலும் உள்ளே இழுத்துக்கொள்வது, அவ்வளவுதான். 1970-களில் அது பெரும்பாலும் ஆண்களின் கோட்டை. நீண்ட வாத்திய ஆவர்த்தனங்கள், இருபது நிமிடப் பாட்டுகள் என்று இருந்தது. கேட் புஷ் அதே லட்சியத்தை நாலு நிமிடத்துக்குள் சுருக்கி, ரேடியோவில் ஓடும்படி செய்தார்.

இரண்டாவது ஆல்பம் ‘லயன்ஹார்ட்’, அதே வருட நவம்பரில் அவசர அவசரமாக வந்தது. அதில் ‘வாவ்’ ஒன்றைக் கேட்டால் போதும் என்பேன். 1979-இல் ஒரே ஒரு இசைப்பயணம் போனார். பாட்டு, நடனம், மாயவித்தை எல்லாம் கலந்த மேடை அது. ஆடிக்கொண்டே பாடுவதற்கு மைக்கைக் கையில் பிடிக்க முடியாதே. அதனால் அவருடைய ஒலிப்பொறியாளர் துணி மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் மாட்டும் மைக் ஒன்றைச் செய்துகொடுத்தார். இன்று எல்லா நடனப் பாடகர்களும் மாட்டிக்கொள்வது அதன் வாரிசுதான். பயணத்தின் தொடக்கத்திலேயே, பூல் என்ற ஊரில் நிகழ்ச்சி முடிந்தபின், ஒளியமைப்பாளர் பில் டஃபீல்ட் விழுந்து இறந்துபோனார். அவருக்காக லண்டனில் நடந்த நிதி நிகழ்ச்சியில் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலும் வந்து கூடப் பாடினார். அதற்குப்பின் முப்பத்தைந்து வருடம் கேட் புஷ் முழுநீள மேடை நிகழ்ச்சி எதுவும் செய்யவில்லை.

மேடைக்குப் பதிலாக ஒலிப்பதிவுக்கூடத்தையே நாடகக் கொட்டகையாக ஆக்கிக்கொண்டார். கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்குப் பின்குரல் பாடப்போன இடத்தில் ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கருவியைப் பார்த்தார். எந்த ஓசையையும் பதிந்து, விசைப்பலகையில் ஸ்வரங்களாக வாசிக்க உதவும் ஆரம்பகாலக் கணினி வாத்தியம் அது. மற்றவர்கள் அதை ஒரு புது ஆர்கனாகப் பார்த்தார்கள். இவருக்கோ ஒரு பாத்திரத்தின் உலகத்தையே ஓசையால் கட்டும் வழி கிடைத்தது. 1980-இல் வந்த ‘நெவர் ஃபார் எவர்’ ஆல்பத்தில் ‘பபூஷ்கா’ கண்ணாடி நொறுங்கும் சத்தத்தோடு முடிகிறது. ‘ஆர்மி ட்ரீமர்ஸ்’ பட்டாளத்தில் மகனை இழந்த தாய் கூற்று. அதன் தாளத்துக்கு நடுவே துப்பாக்கியை இழுத்துத் தயார் செய்யும் ஓசை விழுகிறது. தாலாட்டு நடையில் போகும் மெட்டு அது. அந்த ‘கிளிக்’ வரும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்யும். ‘ப்ரீதிங்’ இன்னும் ஒருபடி மேலே. அணுகுண்டு விழுந்தபின் தாயின் மூச்சு வழியாக நஞ்சை வாங்கும் கருக்குழந்தை கூற்று. இந்த ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தனிப் பாடகி அந்நாட்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை.

அடுத்தது ‘தி ட்ரீமிங்’, 1982. தயாரிப்புப் பொறுப்பு முழுவதும் இவரே. என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனாலும் உங்களுக்கு முதலில் பரிந்துரைக்க மாட்டேன். அத்தனை அடர்த்தி. ஒவ்வொரு பாட்டிலும் நாலைந்து குரல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். ‘புல் அவுட் தி பின்’ வியட்நாம் காட்டில் அமெரிக்கச் சிப்பாயைப் பதுங்கிப் பின்தொடரும் உள்ளூர்ப் போராளி கூற்று. ‘ஹூடினி’ மாயவித்தைக்காரரின் மனைவி கூற்று. இறந்த கணவனை ஆவி அழைக்கும் கூட்டத்தில் தேடும் அந்தப் பெண்ணின் தொண்டை அழுது கரகரத்திருக்க வேண்டும் என்பதற்காக, சாக்லேட்டும் பாலும் சாப்பிட்டுக் குரலைக் கெடுத்துக்கொண்டு பாடினார். பாடகர்கள் தொண்டைக்கு ஆகாது என்று எதை ஒதுக்குவார்களோ அதையே தேடிப்போய்ச் சாப்பிட்டிருக்கிறார். கடைசிப் பாட்டு ‘கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்’. பூட்டிய வீடும் காயப்பட்ட பெண்ணும் ஒன்றாகிவிடும் பாட்டு அது. பாடிப் பாடிக் கடைசியில் கழுதையாகவே கத்துகிறார். முதல் தடவை கேட்டவர்கள் பலர் சிரித்திருக்கிறார்கள். எனக்கு அது அச்சம் தரும் இடம். வெளியே போ என்று சொல்லிச் சொல்லிச் சொற்கள் தீர்ந்துபோன ஒருத்திக்கு மிச்சமிருப்பது அந்த ஓசைதான்.

விற்பனை சுமார். பட்டியலில் மூன்றாம் இடம் வந்தது, ஆனால் அதிலிருந்து தனித்தனியாக வெளியிட்ட பாட்டுகள் பெரிதாக எடுபடவில்லை. ஒலிப்பதிவுக்கூட வாடகையோ தலைக்கு மேல் போனது. இந்த இடத்தில் பலரும் அடுத்த ஆல்பத்தை எளிமையாக்கி, நிறுவனம் சொல்லும் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்திருப்பார்கள். இவர் செய்தது நேர் எதிர். 1983-இல் தான் வளர்ந்த பண்ணையிலேயே சொந்தமாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் கட்டிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்க்காமல், வாடகைக் கணக்கு இல்லாமல், வேண்டிய மட்டும் தேடலாம். அந்தக் கூடத்தில் பிறந்ததுதான் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’. 1985 செப்டம்பரில் வெளிவந்து, மடோனாவின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது.

நீங்கள் கேட்ட ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அதன் முதல் பாட்டு. தொடக்கத்தில் வரும் ஒரு நீண்ட ரீங்காரம் தம்பூரா மாதிரி பாட்டு முழுக்க அடியில் நின்றுகொண்டே இருக்கும், கவனியுங்கள். மேலே அவருடைய நெடுநாள் இசைத்துணையான டெல் பாமர் கட்டமைத்த டிரம் மெஷின் குளம்படியாக ஓடுகிறது. ஃபேர்லைட்டிலிருந்து அந்த விசித்திரமான, பாதி மிருகம் பாதி வயலின் போன்ற இழுப்பு. இது காதலி கூற்று. ஆணும் பெண்ணும் ஒருவர் இடத்தில் ஒருவர் நிற்க முடிந்தால் இந்த வலி புரியுமே, அதற்காகக் கடவுளிடம் ஓர் ஒப்பந்தம் போட முடியுமா என்கிறாள். ‘கடவுளோடு ஓர் ஒப்பந்தம்’ என்பதுதான் அவர் வைத்த தலைப்பு. மதப்பற்று மிகுந்த நாடுகளில் ரேடியோவில் போட மாட்டார்கள் என்று நிறுவனம் பயந்ததால் தலைப்பை மாற்ற ஒப்புக்கொண்டார். அவர் விட்டுக்கொடுத்த மிகச் சில இடங்களில் ஒன்று.

ஆனால் உங்களை நான் கூட்டிக்கொண்டு போக விரும்புவது இசைத்தட்டின் இரண்டாவது பக்கத்துக்கு. அதற்கு ‘தி நைன்த் வேவ்’ என்று தனிப்பெயர். ஏழு பாட்டுகள், ஒரே கதை. இரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண். உயிர்காப்பு அங்கியில் சின்ன விளக்கு. தூங்கினால் செத்துவிடுவாள். முதல் பாட்டில் வெறும் பியானோவும் தூக்கச் சடவான குரலும். அடுத்ததில் பனிக்கட்டிக்குக் கீழே யாரோ அகப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள், அது அவளே. மூன்றாவதில், எழுந்திரு எழுந்திரு என்று பல குரல்கள் எழுப்ப, திடீரென்று சூனியக்காரி விசாரணை தொடங்கி, அவள் குரலே துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத் திக்குகிறது. நான்காவதில் உயிர் மட்டும் வீட்டுக்குப் போகிறது. கணவன் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறான், இவள் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. அவளுடைய சொற்கள் நமக்கும் புரியாதபடி குழறலாகத்தான் வரும். புரியாமல் இருப்பதே அந்தப் பாட்டின் பொருள். ஐந்தாவதில் அயர்லாந்து ஃபிடில் கிளம்ப, எதிர்காலத்தின் கிழவியாகத் தானே வந்து தன்னை உலுக்குகிறாள். நீ செத்தால் நான் பிறக்க முடியாது, என் பிள்ளைகளும் பிறக்க முடியாது என்கிறாள்.

ஆறாவதான ‘ஹலோ எர்த்’தில் இரண்டு இடத்தில் பாட்டு அப்படியே நின்றுபோகும். அந்த வெற்றிடங்களில் என்ன வைப்பதென்று அவருக்கு நெடுநாள் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஜெர்மன் படத்தில் கேட்ட ஜார்ஜியா நாட்டுப்பாடல் நினைவுக்கு வந்தது. ‘சின்ட்ஸ்காரோ’ என்ற பழம்பாட்டு. ஆண்களின் சேர்ந்திசையாக அதைப் பாடவைத்துச் சேர்த்தார். விண்வெளியிலிருந்து பூமியைப் பார்க்கும் உயரத்தில் அந்தக் குரல்கள் எழும்பும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும். பிறகு ஏழாவது பாட்டு. விடியல் மூடுபனி, கிட்டார், மீட்பு.

1989-இல் வந்த ‘தி சென்ஷுவல் வேர்ல்ட்’ ஆல்பத்தில் பல்கேரியாவின் மூன்று நாட்டுப்புறப் பாடகிகளைச் சேர்த்துக்கொண்டார். ட்ரியோ பல்கார்கா என்ற குழு. பொதுமொழி கிடையாது, குரலாலேயே பேசிக்கொண்டார்கள். ‘ராக்கெட்ஸ் டெய்ல்’ பாட்டில் முதல் பாதி வெறும் குரல்கள், பிறகு கில்மரின் கிட்டார் பாய்ந்து வரும். அதே ஆல்பத்தில்தான் ‘திஸ் வுமன்ஸ் வொர்க்’. ஒரு ஹாலிவுட் படத்தில், பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் கணவனின் காட்சிக்காக எழுதியது. கணவன் கூற்று. ஒரு பெண் குரல், ஒரு ஆணின் கையாலாகாத தவிப்பைப் பாடுகிறது. சொல்லியிருக்க வேண்டியவை, செய்திருக்க வேண்டியவை எல்லாம் அந்த வராந்தாவில் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. முதல் அடியில் வரும் அந்த உச்சக்குரல் ‘வதரிங் ஹைட்ஸ்’ஸின் அதே உச்சக்குரல்தான். ஆனால் இங்கே யாருக்கும் கீச்சென்று படாது. பின்னாளில் ஆர் அண்ட் பி பாடகர் மேக்ஸ்வெல் இதை எடுத்துப் பாடி இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோனார்.

1993-இன் ‘தி ரெட் ஷூஸ்’ எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ப்ரின்ஸ், எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக் என்று பெரிய பெயர்கள் இருந்தும் ஒலி இறுக்கமாக இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம்தான் அம்மா இறந்திருந்தார். பிறகு பன்னிரண்டு வருட மௌனம். பத்திரிகைகள் அவரைப் பித்துப்பிடித்து மாளிகைக்குள் அடைந்துகிடப்பவராக எழுதின. அவர் மகனை வளர்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். 2005-இல் ‘ஏரியல்’ என்ற இரட்டை ஆல்பத்தோடு வந்தபோது அதில் துணி துவைக்கும் இயந்திரம் சுழல்வதைப் பார்த்தபடியே கனவில் அமிழும் ஒரு பாட்டும், பை என்ற கணித எண்ணின் இலக்கங்களை வரிசையாக உருகி உருகிப் பாடும் ஒரு பாட்டும் இருந்தன. எண்களைப் பாடி ஒருவர் நெஞ்சைத் தொட முடியும் என்று அதைக் கேட்டபின்தான் நம்பினேன். இரண்டாவது தட்டு முழுவதும் ஒரு பகலும் இரவும். பறவைகளின் ஓசையைப் பின்தொடரும் இசை. 2011-இல் ‘50 வேர்ட்ஸ் ஃபார் ஸ்னோ’ வந்தது. குரல் தாழ்ந்து, பாட்டுகள் நீண்டு, நடுவே நிறைய அமைதி.

2014-இல், யாரும் எதிர்பாராத நேரத்தில், லண்டன் ஹேமர்ஸ்மித்தில் 22 நிகழ்ச்சிகள் அறிவித்தார். கால் மணி நேரத்துக்குள் டிக்கெட்டுகள் தீர்ந்தன. கைப்பேசியில் படமெடுக்க வேண்டாம், கண்ணால் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். ‘தி நைன்த் வேவ்’ முழுவதையும் மேடையில் நிகழ்த்தினார். அதற்காக நீர்த்தொட்டியில் மிதந்தபடியே பாடிப் படம்பிடித்திருந்தார். முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டுகூடப் பாடவில்லை, ‘வதரிங் ஹைட்ஸ்’ உட்பட. நிகழ்ச்சிகள் தொடங்கிய சமயத்தில் அவருடைய எட்டு ஆல்பங்கள் ஒரே நேரத்தில் பிரிட்டனின் முதல் நாற்பதுக்குள் இருந்தன.

மீதி உங்களுக்குத் தெரியும். 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் பாகம் வெளிவந்ததும் 37 வருடப் பழைய பாட்டு பிரிட்டனில் முதலிடம் ஏறியது. அவருடைய முந்தைய முதலிடத்துக்கும் இதற்கும் இடையே 44 வருடம். அப்படி ஒரு இடைவெளி அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. பியோர்க், டோரி ஏமோஸ், ஃப்ளாரன்ஸ் வெல்ச் என்று இவர் வழியில் வந்தவர்களை அடுக்கலாம். அவுட்காஸ்ட்டின் பிக் பாய் என்கிற ராப் கலைஞர் இவருடைய தீவிர பக்தர் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கு இல்லை. வேறொருவராக நின்று பேசுவதும், ஓசைத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் பாட்டுக் கட்டுவதும் ராப்புக்கு அந்நியமா என்ன? இவர்கள் யாரும் அவர் குரலைப் பின்பற்றியதாக நான் நினைக்கவில்லை. எழுதுவது, பாடுவது, தயாரிப்பது, எப்போது வெளியிடுவது என்று எல்லாவற்றையும் ஒரு பெண் தன் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் காட்டியதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ முழுவதும் முதலில். முதல் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டாவது பக்கத்துக்கு மட்டும் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். மொத்தம் 26 நிமிடம்தான், நடுவில் நிறுத்தாதீர்கள். அடுத்து ‘திஸ் வுமன்ஸ் வொர்க்’, பிறகு ‘ஆர்மி ட்ரீமர்ஸ்’, ‘ப்ரீதிங்’. ‘ஏரியல்’ இரண்டாவது தட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘தி ட்ரீமிங்’ இன்னும் ஒரு மாதம் போகட்டும். இதெல்லாம் முடிந்தபின் மறுபடி ‘வதரிங் ஹைட்ஸ்’, 1978-இன் பழைய பதிவு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து.